காத்தக் கொறைக்கிற வேல

1

போன மாசம் ஒரு நாள் நான் வேலைல இருக்கும்போது என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்லேந்து போன் வந்துச்சு. இந்த ஊர்ல ஸ்கூல்லேந்து போன் வந்தா ரெண்டே காரணந்தான். ஒண்ணு, தலைல பேன். இன்னொண்ணு, ஏதோ விழாவுக்கு கேக் பண்ணி எடுத்துகினு வரணும். நான் ரெண்டுக்கும் தயாராத்தான் ஹலோ சொன்னேன்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல"ன்னு டீச்சர் ஆரம்பிச்சாங்க. அயர்லாந்துல இத்தன வருஷமா குப்ப கொட்டறவன் நான். இவங்க இப்படி ஆரம்பிச்சா பயப்படணும்னு எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அப்பா அம்மா என்ன வேல பாக்குறாங்கன்னு கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு பேசணும். என் பொண்ணு யாழினி, பன்னெண்டு வயசு, அவளும் எழுந்து நின்னிருக்கா. பேசுனது இங்கிலீஷ்லதான். தமிழ்ல போட்டா இப்படி வரும்:

"எங்கப்பாவோட வேல காத்தக் கொறைக்கிறது. ஒரு தடவ எங்க தாத்தாவுக்கும் கொறைச்சாரு. போன்லயே. அன்னிக்குத்தான் தாத்தா செத்துப் போனாரு."

சொல்லிட்டு உக்காந்துட்டாளாம். அடுத்து பேசுன பையனோட அப்பா பேக்கரி வெச்சிருக்காராம். அவன் பாவம், அவன் பேசுனத யாருமே கேக்கலையாம்.

"நாளைக்கு நேர்ல வர முடியுமா?"ன்னாங்க டீச்சர்.

ஊர்ல இருக்குற உங்களுக்கு நான் இங்க என்ன கிழிக்கிறேன்னு மொதல்ல சொல்லிடறேன். சேலையூர்ல பாதி பேரு நான் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு நெனச்சுகினு இருக்காங்க. எங்கம்மாதான் அப்படிச் சொல்லி வெச்சிருக்காங்க. உண்மையச் சொன்னா கேம்ப் ரோடுல தல நிமிந்து நடக்க முடியாது. நான் சேத்துலேந்து கேஸ் எடுக்குறேன்.

இந்த நாட்டுக்கு நட்ட நடுவுல, கண்ணுக்கு எட்டுன தூரம் கறுப்பா சதுப்பு நெலம். ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி செத்த பாசி, புல்லு, பூண்டு எல்லாம் தண்ணிக்குள்ள அமுங்கி, காத்து படாததால மக்காம அப்படியே கெடக்கு. மண்ணும் இல்ல, கரியும் இல்ல, ரெண்டுங்கெட்டான். அதுக்குப் பேரு பீட். அத வெட்டி, காய வெச்சு, அடுப்புல போட்டுத்தான் இந்த ஊர் சனம் காலங்காலமா குளிர் காஞ்சுது. இப்ப அத எரிக்கறது பூமிக்குப் பாவம்னு பெரிய பெரிய பவர் ஸ்டேஷன்லாம் விட்டுடுச்சு. ஆனா ஏற்கனவே வெட்டினது மலையா குமிஞ்சு கெடக்கே, அத நேரா எரிக்காம கேஸா மாத்த முடியுமான்னு பாக்க ஒரு சின்ன ஆராய்ச்சி. அதுல நான். பந்தி முடிஞ்சு எல்லாரும் கை கழுவுன அப்புறம் எலை போடச் சொல்லி உக்கார்ற ஆளு ஒருத்தன் இருப்பானே, அவன்.

நெருப்புக்கு வேணுங்கற காத்த முழுசா குடுத்தா எல்லாம் எரிஞ்சு சாம்பலாயிடும். கதை முடிஞ்சுது. வேணுங்கறதுல ஒரு பங்க மட்டும் குடுத்தா நெருப்புக்கு மூச்சு முட்டும். நல்லா எரியவும் முடியாம, அணையவும் முடியாம அது தவிக்கும்போது விடுதே ஒரு பொகை, அந்தப் பொகையே எரியற கேஸ். அதப் புடிச்சு குழாய்ல விட்டா அடுப்பு எரியும், எஞ்சின் ஓடும். காத்து வால்வு பக்கத்துல நின்னுகினு இப்ப கூட்டு, இப்ப கொறைன்னு பாத்துக்கறதுதான் நான் படிச்ச படிப்புக்கெல்லாம் சேத்து எனக்குக் கெடச்ச உத்தியோகம்.

ஆக, யாழினி பேசுனதுல மொத வரில ஒரு தப்பும் இல்ல.

2

எங்கப்பா சேலையூர்ல மனை வாங்குனதே காத்துக்காகத்தான்.

பம்மல்ல ஒரு தோல் கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்தாரு. அந்த வாசனை உங்கள்ல சில பேருக்குத் தெரியும், தெரியாதவங்க புண்ணியம் பண்ணவங்க. சாயந்திரம் பஸ்ஸு மாறி வூட்டுக்கு வந்ததும் சட்டையக் கழட்டி வாசப்படிலயே நின்னு ஒரு மூச்சு இழுப்பாரு. இழுத்துட்டு, வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் ஒரே பிரசங்கம்.

"தாம்பரம் காத்துக்காகத்தான்யா அந்தக் காலத்துல டி.பி. சானடோரியத்தையே இங்க கட்டுனான். மூச்சு விட முடியாதவன்லாம் எங்கெங்கேந்தோ ரயிலேறி இங்க வந்தான். நாம இங்கயே கீறோம். ரோசன பண்ணு."

வந்தவங்க ரோசன பண்ணி, பக்கத்து மனைங்கள வாங்கிட்டாங்க. அதுதான் வினை. மொதல்ல அப்பாவோட நாற்காலி வாசல்ல இருந்துச்சு. எதிர்ல மூணு மாடி வந்துச்சு, நாற்காலி பின்பக்கம் போச்சு. பின்னாடியும் ஃப்ளாட் வந்துச்சு, நாற்காலி மொட்ட மாடிக்குப் போச்சு. அப்புறம் முட்டி போச்சு. நாற்காலி ஹாலுக்கே வந்து டேபிள் ஃபேனுக்கு எதிர்ல உக்காந்துகிச்சு. காத்து வாங்க வந்த மனுஷன் கடைசில கரண்டு பில்லு கட்டித்தான் காத்து வாங்குனாரு.

நெஞ்சுல வீசிங் எப்பவுமே உண்டு. வயசாக ஆக அதிகமாச்சு. நாங்க அயர்லாந்துலேந்து வீடியோ கால் போட்டா மூஞ்சி தெரியறதுக்கு முன்னாடி ஃபேன் சத்தந்தான் வரும். அப்புறம் அவரு, வாயக் கொஞ்சம் தொறந்து வெச்சுகினு.

யாழினிக்குத் தமிழ் வராது. வரும், ஆனா வாடகைக்கு எடுத்த மாதிரி வரும். "அப்பா, நான் பசியா இருக்கு"ம்பா. ஸ்கூல்ல அவளுக்குப் பேரு யாஸ். ஆனா ரெண்டு வார்த்த மட்டும் சேலையூர்லயே பொறந்து வளந்தவ மாதிரி சொல்லுவா: "காத்து வேணும்." ஏன்னா அது அவளுக்கும் தாத்தாவுக்கும் உள்ள வெளையாட்டு.

"பாப்பா, காத்து வேணும்"ம்பாரு அப்பா.

இவ போன் கிட்ட வாயக் கொண்டு போயி "ஃபூ"ன்னு ஊதுவா.

அவரு கண்ண மூடிகினு, இல்லாத முடியக் கோதி விட்டுகினு, "அடேங்கப்பா! அயர்லாந்து காத்து! ஏசி தோத்துச்சு! இன்னொரு தபா ஊது!"ம்பாரு.

அவ இன்னொரு தபா ஊதுவா. போன் கண்ணாடி முழுக்க எச்சி. நான் தொடச்சுகினே இருப்பேன். போன் வழியா காத்து அந்தப் பக்கம் போகும்னு அவ நெஜமாவே நம்பிகினு இருந்தா. போகாதுன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

3

அப்பா போனது அந்த ஊரடங்கு வருஷம், கார்த்திக மழைல. கொரோனா இல்ல, டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க. ஆனா அந்த வருஷம் எல்லாச் சாவும் ஒரே மாதிரிதான் நடந்துச்சு, சீக்கிரமா, ஆளில்லாம. அங்க விடியக்காத்தால உசுரு போச்சு. டிக்கெட் எடுத்தாலும் ஏரோப்ளேன் கெளம்புமான்னு தெரியாத காலம். நான் போய்ச் சேர்ற வரைக்கும் வெச்சிருக்க வழியில்ல. என் சித்தப்பா பையன் பிரபு ராஜகீழ்ப்பாக்கத்துல இருக்கான், அவன்தான் எனக்கு பதிலா எல்லாம் செஞ்சான். ஒரு கைல கொள்ளி, ஒரு கைல போன். போன்ல நான்.

என் வீட்டுக்காரி கவிதா ஆஸ்பத்திரில நர்ஸு. நைட் டூட்டிலேந்து கூப்ட்டு அழுதுட்டு, அப்புறம் சொன்னா: "பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஸ்கூல் போயிட்டு வரட்டும். சாயந்திரம் ரெண்டு பேருமா உக்காந்து பக்குவமா சொல்லலாம்." நம்ம வீடுங்கள்ல அப்படித்தானே? சாவு சேதிய கொழந்தைங்களுக்கு கடைசில, ஆற வெச்சுத்தான் குடுப்போம். சரின்னேன்.

இங்க காலைல, அங்க மத்தியானம். சமையக்கட்டுல நின்னுகினு போனப் பாக்குறேன். அப்பாவ நம்ம பக்கத்து சுடுகாட்டு கேஸ் மேடைக்குக் கொண்டு போயிட்டாங்க. தள்ளுவண்டில, வாசல்ல, மேல ஒரு தார்ப்பாய். தூறல்.

"ணா, ஒரு பேஜாராப் போச்சுணா"ன்னான் பிரபு.

"இன்னாடா?"

"பொகையா வருதுணா. கேஸு புடிக்கவே மாட்டேங்குது. பின்னாடி இன்னும் ரெண்டு வண்டி நிக்குது."

கேஸ் மேடைன்னதும் நம்ம சனம் சிலிண்டர்னு நெனச்சுகினு இருக்கு. எங்கம்மாவே "எத்தினி சிலிண்டர்டா ஆச்சு?"ன்னு அப்புறம் கேட்டாங்க. சிலிண்டர் வெச்சு எரிக்கிற எடமும் உண்டு. இது அது இல்ல. இதுல மரக்கட்டையத் துண்டு போட்டு ஒரு இரும்பு ஜாடிக்குள்ள கொட்டி, காத்த அளவா குடுத்து, பாதி எரிச்சு, வர்ற பொகைய கேஸா இழுத்து மேடைல எரிப்பாங்க. அதாவது என் மெஷினோட ஒண்ணு விட்ட தம்பி. எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வந்து நான் கத்துகினு இருக்குற வித்தை, எங்க வூட்டுலேந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்துல மழைல நனஞ்சுகினு நிக்குது.

"போன அங்க வேல செய்யறவருகிட்ட குடு"ன்னேன்.

ஏழுமலைன்னு ஒருத்தர். மூஞ்சி பூரா பொகை. "சார், கட்ட பூரா ஊறிப் போயி கீது சார். நான் இன்னா சார் பண்றது?"

"அண்ணா, உள்ள காஞ்ச கட்ட எதுனா கீதா? அத மொதல்ல போடுங்க. ப்ளோயரு ஓடட்டும், அவசரப்படாதீங்க. உள்ள நல்லா செவக்கட்டும்."

செவந்துச்சு. ஈரக் கட்டையும் ஈர பீட்டும் ஒரே ஜாதி. அதோட மூடு எனக்குத் தெரியும்.

"இப்ப பர்னர்கிட்ட போன எடுத்துகினு போங்க. அந்தக் காத்துத் தகடு முழுசா தொறந்து கீது பாருங்க. கேஸு நோஞ்சானா வரும்போது அவ்ளோ காத்து வுட்டா ஊதி அணைச்சுடும்ணா. காத்த கொறைங்க."

"இவ்ளோவா சார்?"

"இன்னும் கொறைங்க."

"சார்..."

"இன்னும். இன்னும் கொறைங்க. ஆங், போதும்."

புஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஒரு தடவ அணையற மாதிரி போயி, அப்புறம் நீலமா புடிச்சுகினு நின்னுச்சு.

"புடிச்சுகிச்சு சார்!"

"சூப்பர்ணா!"ன்னு நான் கட்ட வெரலத் தூக்கிக் காட்டுனேன். வேல பாக்குற எடத்துல எப்படிக் காட்டுவேனோ அதே மாதிரி. சிரிச்சுட்டேன்னு கூட நெனக்கிறேன்.

திரும்புனா, பின்னாடி யாழினி. ஏழு வயசு. யூனிஃபார்ம், கைல ஸ்பூனு. எவ்ளோ நேரமா நின்னுகினு இருந்தான்னு தெரியல.

"யாருப்பா?"

"வேல விஷயம் கண்ணு. நீ சாப்புடு."

அப்பாவ உள்ள தள்ளுன நேரத்துல நான் அவளுக்கு ஷூ லேஸ் கட்டிகினு இருந்தேன். போன் மேஜ மேல கவுந்து கெடந்துச்சு. பிரபு மட்டும் "ணா, ணா"ன்னு கூப்ட்டுகினே இருந்தான்.

சாயந்திரம் சொன்னோம். அவ அழல. "எப்ப?"ன்னு ஒரே ஒரு கேள்வி. "இன்னிக்கு"ன்னா கவிதா. அவ மேல போயி, அவ ரூம் ஜன்னலத் தொறந்துட்டு வந்து சோறு சாப்ட்டா.

அன்னிக்குலேந்து அந்த ஜன்னல் மூடினதில்ல. பனி பேஞ்சாலும், காத்து மழை அடிச்சாலும் ஒரு சாண் தொறந்தே இருக்கும். நான் போயி மூடுவேன், அவ தொறப்பா. "நம்ம ஹீட்டர்லதான்டி மொத்த அயர்லாந்தும் குளிர் காயுது"ன்னு அஞ்சு வருஷமா ஒரே ஜோக்க அடிச்சுகினு இருந்தேன். யாரும் சிரிச்சதில்ல.

4

ஸ்கூல்ல ரெண்டு அம்மணிங்க இருந்தாங்க. ஒருத்தங்க டீச்சர். இன்னொருத்தங்க கொழந்தைங்களுக்கு வீட்ல எதுனா ஆபத்தான்னு பாக்குறவங்க. மேஜைல டீ, பிஸ்கட்டு, ஒரு டிஷ்யூ டப்பா. நான் இன்டர்வியூவுக்குப் போட்ட கோட்ட போட்டுகினு போனேன், ஏன்னு கேக்காதீங்க. டிஷ்யூவப் பாத்ததும், "எனக்கு ஜலதோஷம் இல்லீங்க"ன்னு ஒரு ஜோக்க எடுத்து வுட்டேன். அது அங்கயே வுழுந்து செத்துச்சு.

ஒண்ணொண்ணா சொன்னேன். எங்க ஊர்ல பொதைக்கறது இல்ல, எரிப்போம்னேன். தலையாட்டுனாங்க. கேஸ்லன்னேன். தலையாட்டுனாங்க. அந்த கேஸு மரத்துலேந்து வருதுன்னேன். ரொம்ப நல்லதுங்கற மாதிரி தலையாட்டுனாங்க. அது பத்திக்கல, அதனால நான் போன்லேந்து எப்படி சரி பண்றதுன்னு சொல்லிக் குடுத்தேன்னதும் தலை நின்னுடுச்சு.

"உங்க அப்பாவுக்கா? நீங்களா?"

"ஆமாங்க. தொழில் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் லைன்ல இருந்தேன்."

ரெண்டாவது அம்மணி டீய என் பக்கம் நகத்துனாங்க. "அன்னிக்கு உங்களுக்கு யாரு ஆறுதல் சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்விக்கு நான் தயாரா வரல. "வாட்ஸப்ல நெறைய பேரு பூ அனுப்புனாங்க"ன்னேன்.

அப்புறம்தான் அவங்க மெதுவா அதக் கேட்டாங்க.

"தாத்தா போயிட்டாருன்னு யாஸ்கிட்ட எப்ப சொன்னீங்க?"

"சாயந்திரம்."

"நீங்க போன்ல பேசுனத அவ பாத்தது?"

"காலைல."

மிச்சத்த நானே கோத்துகினேன். தெனமும் போன்ல காத்து வேணும்னு கேக்குற தாத்தா. போன் வழியா போற காத்து. அதே போன்ல, இன்னும் கொறைங்க, இன்னும் கொறைங்கன்னு சொல்ற அப்பா. பொகை. அப்பா சிரிக்கிறாரு. சாயந்திரம் தாத்தா இல்ல. நம்ம வீட்டு வழக்கப்படி சேதிய ஆற வெச்சுக் குடுத்தோமே, அந்த இடைவெளில ஒரு ஏழு வயசுக் கொழந்த தானா கண்டுபுடிச்ச கணக்கு அது.

டிஷ்யூ டப்பா எதுக்கு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது.

திரும்பி வரும்போது கார்ல யாழினி பக்கத்துல உக்காந்திருந்தா. ரெண்டு பக்கமும் கறுப்பு நெலம், தேங்குன தண்ணி, ஒரு மரங்கூட இல்ல.

"பாப்பா. நீ நெஜமாவே நான் தாத்தாவ..."

"எனக்கு அப்ப ஏழு வயசுப்பா."

"இப்ப?"

"இப்ப தெரியும். நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரியும். ஐ நோ." கொஞ்ச தூரம் போன அப்புறம் சொன்னா: "ஆனா நீ வேலைக்குப் போறேன்னு சொல்லும்போதெல்லாம் நான் மேல போயி ஜன்னல் தொறந்திருக்கான்னு பாத்துட்டு வருவேன்."

"அஞ்சு வருஷமாவா?"

"ம்."

"ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ ஜோக் அடிப்பப்பா."



5

எங்க ஆராய்ச்சிக்குக் கடைசி ஓட்டம் அதுக்கு அடுத்த வாரம். இதோட மெஷின நிறுத்திட்டு, முடிவ எழுதிக் குடுத்துட்டு வேற சோலியப் பாக்கணும். குடும்பத்தக் கூட்டிகினு வரலாம்னு எங்க தலைவரு ஷான் சொல்லியிருந்தாரு. அதிகம் பேசாத மனுஷன். தாத்தா காலத்துலேந்து பீட் வெட்டுன குடும்பம். யாழினிய உள்ள வுட நான் கையெழுத்து போட வேண்டியிருந்துச்சு, பக்கம் பக்கமா. இவளுக்கு நீ யாரு, அவ பாதுகாப்புக்கு யாரு பொறுப்புன்னு. அந்த எடத்துல பேனா கொஞ்சம் நின்னுச்சு.

தலைல ஹெல்மெட், சட்டைல விஷவாயு வந்தா கத்தற ஒரு சின்ன டப்பா. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மரத்தோட அடிக்கட்ட கெடக்கு, பீட் தோண்டும்போது அடில கெடச்சது. கறுப்பா, வேரெல்லாம் அப்படியே. அவ தொட்டுப் பாத்தா.

"இது எப்ப செத்துச்சு?"

"மனுஷன் எழுதப் படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"செத்த மாதிரியே இல்லையே."

"காத்து படலன்னா எதுவும் முழுசா சாவாது கண்ணு." சொல்லி முடிச்ச அப்புறம்தான் யாரப் பத்திச் சொல்றேன்னு எனக்கே உறைச்சுது.

மெஷின்னா ஏதோ ராக்கெட்டுன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு மாடி ஒசரத்துக்கு ஒரு இரும்பு அண்டா, மேலேந்து பீட் வுழும், கீழேந்து காத்து போகும். பக்கத்துல ஒரு ஒசந்த குழாய். கேஸு நல்லா வந்தா அந்தக் குழாய் உச்சில எரியும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்கும், ஆனா காத்துக்கு மட்டும் ஒரு கைச்சக்கரம் உண்டு. ஷான் என்னப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, ஒரு அடி தள்ளி நின்னுகினாரு.

"கைய வை"ன்னேன்.

வெச்சா. அவ கை மேல என் கை.

"மொதல்ல கூட்டு." கூட்டுனா. அண்டாக்குள்ள கரகரன்னு சத்தம், சூடு ஏறுது. குழாய் உச்சில இருந்த ஜ்வாலை வெளிறி, துண்டு துண்டாகி, போயே போச்சு. சும்மா வானந்தான்.

"பாத்தியா, காத்து ஜாஸ்தியானா எல்லாத்தையும் உள்ளயே தின்னுடும். எரியறதுக்கு வெளிய ஒண்ணும் வராது. இப்ப கொறை."

அவ கொறைக்கல. கை அப்படியே நிக்குது. நானும் அழுத்தல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சக்கரத்த கொறைக்கிற பக்கம் திருப்பும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னாடி எனக்கு ஒரு சத்தம் கேக்கும். டேபிள் ஃபேன் சத்தம். அப்புறம், "டேய் சங்கரு, காத்துடா." அஞ்சு வருஷமா ஒரு தடவ கூட தப்பாம கேக்குது. காது டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. பழகிக்கிட்டேன். திரும்பிப் பாக்கறது மட்டும் இல்ல.

அவ மெதுவா திருப்புனா. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஷான் ஸ்பார்க் குடுத்தாரு. மேல புஸ்ஸுன்னு புடிச்சு, ஒரு தடவ தடுமாறி, நின்னு எரிஞ்சுது.

"அன்னிக்கு இதானா?"

"இதான். தாத்தா அப்ப வெளிய வாசல்ல இருந்தாரு. காத்து வேணும்னு கேக்குறத அவரு நிறுத்தி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு."

அவ ஜ்வாலையவே பாத்துகினு இருந்தா. "அப்ப ஏன் சூப்பர்னு சொன்ன?"

நாலு ஜோக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. வரிசைல நின்னுச்சுங்க. முழுங்குனேன்.

"தாத்தா மழைல படுத்துகினு இருந்தாருடி. என்னால ஒரு கொட கூட புடிக்க முடியல. அந்த நெருப்பு புடிச்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்பா எரியப் போறாருன்னு எப்படி சந்தோஷப்பட்டேன்னு எனக்கு இன்னும் வெளங்கல."

அவ சக்கரத்துலேந்து கைய எடுத்துட்டு, "உனக்கு அந்த ஃபேன் சத்தம் கேக்குமாப்பா?"ன்னா.

காது டாக்டரத் தவிர நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கவிதாகிட்ட கூட.

"உனக்கு?"

"ஜன்னல மூடுனா கேக்கும்"ன்னா.

6

அப்பா திதி இந்த வருஷம் ஞாயித்துக்கெழமைல வந்துச்சு. சேலையூர் வூட்டு ஹால்லேந்து பிரபு வீடியோ கால் போட்டான். எதிர்ல அப்பா போட்டோ, சாமந்தி மாலை, எலைல படையல், குத்துவெளக்கு. போட்டோவுக்கு நேரா அந்த டேபிள் ஃபேன், மூணாம் நம்பர்ல. அது அம்மாவோட ஏற்பாடு. அப்பா போனதுலேந்து தெனமும் சாயந்திரம் கொஞ்ச நேரம் போட்டோவுக்கு ஃபேன் போடுவாங்க. "அந்த மனுஷனுக்கு காத்து இல்லாம ஆவாது"ம்பாங்க. மாலை படபடன்னு ஆடிகினு இருக்கும்.

"ஏன்டா சங்கரு, எளச்சுட்டியா?"ன்னாங்க அம்மா.

"இல்லம்மா, போன்ல அப்படித் தெரியுது."

"போன்ல குண்டாத்தான்டா தெரிவாங்க எல்லாரும். பாப்பா எங்க?"

யாழினி வந்து என் பக்கத்துல உக்காந்தா. "பாட்டி, நல்லாருக்கீங்களா?" வாடகைத் தமிழ், ஆனா முழு வாடகை குடுத்த தமிழ்.

பிரபு கற்பூரம் ஏத்தப் போனான். அப்பதான் அம்மா கத்துனாங்க. "டேய் டேய், வெளக்கு! வெளக்கு போவுது!"

ஃபேன் காத்துல குத்துவெளக்கு திரி ஒரு பக்கமா படுத்துகினு துடிக்குது. நம்ம வூட்ல திதி அன்னிக்கு வெளக்கு அணைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். அம்மா முந்தானைய மறைச்சுப் புடிக்கிறாங்க. பிரபு ஒரு கைல போன், ஒரு கைல கற்பூரத்தட்டு, பழையபடி.

"ணா, இன்னாணா பண்றது?"

"நீதான் பெரிய காத்து எஞ்சினீயராச்சே"ன்னாங்க அம்மா. "அவருக்குக் காத்தும் வேணும், வெளக்கும் அணையக் கூடாது. சொல்லுடா சீக்கிரம்!"

எல்.கே.ஜி. கொழந்தைக்குக் கூட தெரியும் என்ன சொல்லணும்னு. எனக்கு வாய் தொறந்துச்சு. "கா..."ன்னு வந்துச்சு. மேல வரல. பக்கத்துல யாழினி. அதே போனு. அதே பிரபு. அந்தப் பக்கம் சுடர் ஒரு பொட்டா சுருங்கிடுச்சு.

"பாட்டி"ன்னா யாழினி. "காத்த கொறைங்க."

அம்மா திரும்பிப் பாத்தாங்க.

"கொறைங்க பாட்டி. பரவால்ல. முழுசா நிறுத்துங்க. தாத்தாவுக்கு நான் ஊதறேன்."

அம்மா கைய நீட்டி ஃபேன நிறுத்துனாங்க. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு நின்னுச்சு. அந்த வூட்ல அந்த ஃபேன் சத்தம் இல்லாம நான் எதையும் கேட்டதே இல்ல. மாலை அசையாம தொங்குச்சு. போட்டோல அப்பா, எப்பவும் போல வாயக் கொஞ்சம் தொறந்து வெச்சுகினு. சுடர் மெதுவா எழுந்து நேரா நின்னுச்சு.

பன்னெண்டு வயசுப் பொண்ணு, ஸ்கூல்ல யாஸ். வெக்கமாத்தான் இருந்திருக்கும் அவளுக்கு. என்னப் பாக்காம, போனக் கிட்ட இழுத்து, கண்ண மூடிகினு "ஃபூ"ன்னு ஊதுனா.

அந்தப் பக்கம் வெளக்கு லேசா ஒரு பக்கமா சாஞ்சு, நிமிந்துச்சு.

"ணா"ன்னான் பிரபு.

ஃபேன் நின்னுகினு இருந்துச்சு. வாசக்கதவு தொறந்திருக்கும். இல்லன்னா அம்மா நகந்திருப்பாங்க, பொடவ காத்து பட்டிருக்கும். காத்து எங்கேந்து வருது, எவ்ளோ வருதுன்னு கேட்டுத்தான் நான் சோறு திங்கறேன். அன்னிக்கு நான் யாரையும் கேக்கல. போன் கண்ணாடில அவ எச்சி இருந்துச்சு. அதையும் தொடைக்கல.